தெரியலைன்னு சொன்ன டாக்டர்

எனக்கு வந்தது என்ன காய்ச்சல் என்று இப்போது யார் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். அப்போது அதைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளில் எட்டு நாளை வீணாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இதை எழுதவே வேண்டாம்.

நான் கடற்கரைச் சாலை ஓரத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. ஈசிஆரை அகலப்படுத்தி முடித்து, சென்னைக் கார்கள் பள்ளி வாசலில் சீறிக்கொண்டு போக ஆரம்பித்திருந்த காலம். பிள்ளைகள் என்னைப் பெரிய டீச்சர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு, அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அதை நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைக்கு அழைத்துப் போனோம். பிள்ளைகள் இடிந்த சுவர்மேல் ஏறி இறங்க, நான் நிழல் தேடிப் புதர் ஓரத்தில் புல்லில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டேன். அதற்குப் பத்தாம் நாள் பிரேயரில் நிற்கும்போது கண்ணுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு தலைவலி. மதியத்துக்குள் காய்ச்சல்.

எங்கள் ஊர் டாக்டர் வைரல் என்று ஊசி போட்டார். மறுநாள் இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் காலை எழுந்தபோது சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் சம்பத் அணுமின் வளாகத்தில் டெக்னீஷியன். மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்துக் குறித்துவைப்பதுதான் அவருக்கு வேலை. வீட்டிலும் அதையே செய்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, என் சூட்டைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தார். அன்று தாளை என் முன்னால் நீட்டி, "இது எறங்கவே இல்ல விஜயா. கிளம்பு" என்றார். அவர் என்னிடம் உத்தரவு மாதிரி பேசியது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். அங்கே மெடிசின் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ராஜசேகர். மதுராந்தகம் பக்கத்துக்காரர். இங்கிலாந்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அவரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டருக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வரும். சின்ன டாக்டர்கள் இரண்டு பேர், ஹெட் நர்ஸ் லீலாம்மா, இரண்டு நர்ஸுகள், கடைசியில் ஆயா கன்னியம்மா. ராஜசேகர் கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ரிப்போர்ட்டைப் பார்ப்பார். பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்து, "யாருக்காவது வேற ஏதாவது தோணுதா?" என்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சின்ன டாக்டர்கள் தரையைப் பார்ப்பார்கள். பத்து விநாடி காத்திருந்துவிட்டு, "சரி, தேங்க்ஸ்" என்று எழுந்துவிடுவார்.

குரலை உயர்த்தத் தெரியாத ஆள் எப்படி இத்தனை பேரை மேய்ப்பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பள்ளியில் நான் 'யாருக்காவது ஏதாவது தோணுதா' என்று கேட்டால் அன்றைக்கே என் நாற்காலி ஆடிவிடும்.

பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. மலேரியாவுக்கு விரலில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார்கள். இல்லை. டைபாய்டுக்கு விடால் என்று ஒரு டெஸ்ட். நம் ரத்தம் எந்தக் கிருமியோடு சண்டை போட்டிருக்கிறது என்று பார்ப்பது அது. பழைய சண்டையையும் புதுச் சண்டை மாதிரி காட்டிவிடும் என்று ராஜசேகரே சொன்னார். டைபாய்டு லேசாக இருக்கிறது என்று காட்டியது. அதனால் டைபாய்டு மருந்து நரம்பு வழியாக ஏறியது. மூன்று நாள் ஏறியும் காய்ச்சல் நூற்றுநாலில் அப்படியே நின்றது. ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. கண் மஞ்சளாயிற்று. வயிற்றை ஸ்கேன் பண்ணினால் பித்தப்பை வீங்கியிருந்தது.

காய்ச்சல் வந்த பத்தாம் நாள் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். ஆக்ஸிஜன் முகமூடி போட்டார்கள். அதற்குள்ளே என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். எண்ணுவதை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும் என்று பயம். செத்துவிடுவேன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் சம்பத் என் தலையை வாரிப் பின்னிவிட்டார். இருபது வருஷத்தில் அவர் சீப்பைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. கோணல் மாணலாக ஒரு பின்னல். அந்தப் பின்னல்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

அன்று மதியம் என் அண்ணன் ஏகாம்பரம் வந்தார். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் எங்கள் ஊர், அண்ணன் நிலத்தையும் பார்த்துக்கொண்டு இரண்டு லாரியும் ஓட்டுகிறார். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். டாக்டரை வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் ஆச்சு என் தங்கச்சிக்கு? இன்னா காச்சல் இது?"

"எனக்கு இன்னும் தெரியலங்க. ரெண்டு மூணு சந்தேகம் இருக்கு. பார்த்துக்கிட்டிருக்கோம்."

அண்ணன் உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சம்பத்திடம், "மச்சான், இன்னா டாக்டர் இவரு? வாயத் தொறந்து தெரியலன்றாரு. தெரியாதவராண்ட எதுக்கு இவள வெச்சினுகிற?" என்றார்.

சம்பத், "நேர்மையா சொல்றார்" என்றார் மெதுவாக.

"நேர்மைய வெச்சி இன்னா பண்றது? நம்மூர் டாக்டரு கைய புடிச்சாலே சொல்லிடுவாரு."

நம்மூர் டாக்டர் சொன்னது வைரல் என்பதை யாரும் நினைவூட்டவில்லை. நானும்தான். உள்ளுக்குள் நான் அண்ணன் பக்கம். எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கெட்ட பெயராக இருந்தாலும் பரவாயில்லை, யாராவது உரக்கச் சொன்னால் போதும் என்றிருந்தது.

அண்ணனுக்குத் தெரிந்தவர் மூலமாகச் சென்னையில் ஒரு பெரிய சர்ஜனிடம் போனில் பேசினார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டியதும் அவர், பித்தப்பைதான், உடனே கொண்டுவாருங்கள், எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு உயிர் வந்தது. "பாத்தியா? பாக்காமலே சொல்டாரு" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் என்று முடிவானது. ராஜசேகர் வேண்டாம் என்றார். இந்த மூச்சோடு அவ்வளவு தூரம் போவதும், போனதும் மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்து என்றார். "அப்ப இன்னா நோயின்னு சொல்லு சார், நா வெச்சிக்கிறேன்" என்றார் அண்ணன். டாக்டர் ரிப்போர்ட்டுகளை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

அன்று சாயங்காலம் என் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து, திரைக்கு அந்தப் பக்கம் லீலாம்மாவும் டாக்டரும் பேசினார்கள். லீலாம்மா கோட்டயத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தமிழ் சரளம், ஓரத்தில் மட்டும் மலையாளம் ஒட்டியிருக்கும்.

"சார், தப்பா எடுக்கக் கூடாது. நீங்க தினமும் கேக்கறீங்களே, யாருக்காவது தோணுதான்னு. யாரும் பேச மாட்டாங்க."

"ஏன் சிஸ்டர்? நான் திட்ட மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியுமே."

"திட்டாததுதான் சார் பிரச்சினை. பெரிய டாக்டர் கேட்டா பரீட்சை வெக்கறார்னு ஜூனியர்ஸ் நினைக்கறாங்க. இல்லேன்னா உங்களுக்கே ஒண்ணும் அறியாதுன்னு நினைக்கறாங்க. பேசினா உங்களைக் கொறைச்ச மாதிரி ஆயிடும்னு பயம். நான் கல்ஃபில இருந்தப்போ ஃபிலிப்பைன்ஸ் பிள்ளைங்க வேற மாதிரி, எகிப்து டாக்டர் வேற மாதிரி. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டா நடக்காது சார். இங்க ஆர்டர் போடணும்."

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் சொன்னார்: "நான் இங்கிலாந்து போன புதுசுல சீஃப் எதிரே வாயே திறக்க மாட்டேன். மரியாதைன்னு நினைச்சேன். ஒரு வருஷம் கழிச்சு அவர் என்னைப் பத்தி எழுதினார், இந்த ஆளுக்குச் சொந்தமா ஒரு கருத்தும் கிடையாதுன்னு. அழுதேன் சிஸ்டர். வாயைத் திறக்கப் பத்து வருஷம் கத்துக்கிட்டேன். இங்க வந்து அதையே எல்லார்கிட்டயும் எதிர்பார்த்தா எப்படி? எனக்கே மறந்துபோச்சு."

நான் கண்ணைத் திறக்கவில்லை. நாளைக்கு ஆம்புலன்ஸ் வருகிறது, இவர்கள் என்ன கதை பேசுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

மறுநாள் ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் வந்தது. ராஜசேகர் உட்காரவில்லை. கட்டில் முனையில் நின்றார். குரல் வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

"இன்னிக்கு ஒவ்வொருத்தரும் இந்தம்மாகிட்ட நான் பார்க்காத ஒண்ணைச் சொல்லிட்டுத்தான் இந்த ரூமை விட்டுப் போகணும். பெருசோ சின்னதோ, எனக்கு வேணும். இது ஆர்டர். கீழேயிருந்து ஆரம்பிக்கலாம். கன்னியம்மா, நீங்க முதல்ல."

கதவோரம் பக்கெட்டோடு நின்ற கன்னியம்மா திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தாள், வேறு கன்னியம்மா யாராவது நிற்கிறாளோ என்று.

"நா இன்னாத்த சார் சொல்றது. நா தொடைக்கிறவ."

"துடைக்கறப்போ பார்த்ததைச் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "டீச்சரம்மா இடுப்பாண்ட ஒரு கருப்புப் பொருக்கு கீது சார். பாவாட நாடா கட்ற எடத்துல. காஞ்சிபோய், சிகரெட்டால சுட்டா மாரி. சுத்தி செவந்துகினு கீது" என்றாள்.

"எப்போ பார்த்தீங்க?"

"சேத்த அன்னிக்கே. துணி மாத்தறப்போ." குரல் இன்னும் இறங்கிவிட்டது. "அம்மாவாண்ட கேட்டேன் சார், இது இன்னாம்மான்னு. உன் வேலையப் பாருன்னாங்க."

சொன்னேன்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று காய்ச்சலிலும் என் குரல் தலைமை ஆசிரியையின் குரலாகவே இருந்தது. ஒரு ஆயா என் இடுப்பைப் பார்த்துக் கேள்வி கேட்பதா என்று கோபம். நாடா இறுக்கி இறுக்கி எங்கள் எல்லார் இடுப்பிலும் ஒரு கருத்த வளையம் இருக்கும். அதில் எப்போதாவது புண் வரும், போகும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. வேறெதற்கு ஒருவரிடம் காட்டுவது? டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போதெல்லாம் அவர் கை நாடாவுக்கு மேலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே நானும் விட்டதில்லை, அவரும் கேட்டதில்லை.

லீலாம்மா திரையை இழுத்துவிட்டு நாடாவைத் தளர்த்தினார். ராஜசேகர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது நெற்றியில் வேர்வை.

"அம்மா, காய்ச்சல் வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் முன்னால புதர், புல்லு இருக்கற இடத்துல எங்கயாவது உட்கார்ந்தீங்களா?"

முகமூடிக்குள்ளிருந்து கோட்டை என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. சம்பத் சொன்னார்.

அது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி. அது துணி இறுகுகிற இடமாகப் பார்த்துக் கடிக்கும், கடித்த இடம் கருத்துப் பொருக்கு கட்டும். அதற்குள்ளே இருக்கிற கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுப்பதால் ஈரல், நுரையீரல், பித்தப்பை எல்லாம் ஒன்றாகக் கெடும். பித்தப்பை வீங்கியது அதனால்தான், அறுத்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை. டைபாய்டு மருந்து இதைத் தொடாது. இதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின் என்று ஒரு பழைய, சாதாரண மாத்திரை.

"சிஸ்டர், ரெண்டு மாத்திரை, இப்பவே" என்றார். பிறகு கன்னியம்மாவிடம் திரும்பி, "இதுல பாதித் தப்பு என்னுது" என்றார். மீதிப் பாதி யாருடையது என்று அவர் சொல்லவில்லை. அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சம்பத் என் தலையைத் தூக்கிப் பிடித்தார். முகமூடியை ஒதுக்கி மாத்திரையை விழுங்கிவிட்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. அண்ணன் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. "நேத்து சாங்காலம் வரிக்கும் தெரியல. வண்டி வந்ததும் தெரிஞ்சிடிச்சா? பேஜாரு பண்ணாத சார். உண்ணி கடிச்சி யாராவது சாவாங்களா? ஒரே வார்த்த சொல்லு. இவ பொழைப்பாளா, மாட்டாளா?"

நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியல என்று சொல்லப்போகிறார், அண்ணன் என்னைத் தூக்கப்போகிறார் என்று சம்பத்தின் கையை இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது, எனக்குப் போக வேண்டாம் என்று. அந்த மாத்திரையோடு அங்கேயே கிடக்க வேண்டும் போலிருந்தது. சொல்ல மூச்சு இல்லை.

ராஜசேகர் அண்ணனின் தோளில் கை வைத்தார். "ஏகாம்பரம், வண்டியைத் திருப்பி அனுப்புங்க. உங்க தங்கச்சி பொழைச்சுடுவாங்க. நான் பொறுப்பு."

அண்ணன் அவரை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கூட வந்த ஆட்களிடம், "போங்கடா, வண்டி வாணாம்" என்றார்.

அடுத்த இரண்டு நாள் எப்படிப் போயிற்று என்று எழுதக் கை வரவில்லை. அன்றும் நூற்றுநாலு. அன்று மாலை சிறுநீர் இறங்கவில்லை, கிட்னியும் தடுமாறுகிறது என்றார்கள். சம்பத்தின் காலண்டர் தாளில் புள்ளிகள் மேலேயே போய்க்கொண்டிருந்தன. நான் அந்த மூன்று வார்த்தைகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்: பொழைச்சுடுவாங்க, நான் பொறுப்பு. முகமூடிக்குள் மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா துணி மாற்ற வருவாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி, "திரும்பும்மா, அவ்ளோதான், முடிஞ்சிச்சி" என்று நாடாவைத் தளரக் கட்டிவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. வேர்வை. சம்பத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, நம்பாமல் உதறிவிட்டு மறுபடி வைத்தார். தொண்ணூற்றொன்பது. அந்தப் புள்ளியை வைக்க அவர் கோடுகளைக் கீழே நீட்ட வேண்டியிருந்தது. அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து இளநீர் சீவிக்கொண்டிருந்தார். விஷயம் கேட்டதும் சீவிய இளநீரை எனக்குத் தராமல் முதலில் டாக்டர் ரூமுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்.

பள்ளிக்குத் திரும்பியதும் நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை, குரல் அதே குரல். ஆனால் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு நாள், கீழேயிருந்து ஆரம்பிக்கலாம், ஆளுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும் என்றேன். பெருக்குகிற அம்மா எழுந்து, பெண் பிள்ளைகள் கழிப்பறையில் ஜூன் மாதத்திலிருந்து தாழ்ப்பாள் இல்லை, அதனால் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். டிசம்பர் வந்துவிட்டிருந்தது. கழிப்பறை என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து ராஜசேகரிடம் கடைசியாகக் காட்டப் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சம்பத் மருந்துச் சீட்டோடு வெளியே போனதும், இத்தனை நாள் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு எங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களே டாக்டர். நான் பொழைச்சுடுவேன்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இல்லம்மா. தெரியாது. அந்த மூச்சைப் பார்த்தப்போ பாதிக்குப் பாதின்னுதான் நினைச்சேன். மாத்திரை கேட்கும்னு ரெண்டு நாள் கழிச்சுதான் எனக்கே தெரியும். இங்கிலாந்துல இருந்திருந்தா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே மாட்டேன். சொன்னா அது பொய், என் வேலையே போயிடும். இங்க சொல்லலேன்னா உங்க அண்ணன் வண்டியில ஏத்தியிருப்பார். தாம்பரம் தாண்டியிருக்க மாட்டீங்க." மேசைமேல் கிடந்த என் ரிப்போர்ட்டை மடித்தார். "சொல்லிட்டு என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். புத்தகத்தை எடுத்து மருந்தளவை மறுபடி மறுபடி சரிபார்த்தேன்."

வெளியே வந்து சம்பத்தின் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் நான் பிடித்துத் தொங்கிய வார்த்தையை மறுமுனையில் யாரும் பிடித்திருக்கவில்லை.

அண்ணன் இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். "டாக்டர்னா அவருதான்யா. பொழைச்சிடுவா, நா பொறுப்புன்னாரு. மொகத்த பாத்தேன், பொய் இல்ல. அவ்ளோதான், வண்டிய அனுப்பிட்டேன்" என்பார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா?" என்பார்.

நான் ஆமாண்ணா என்கிறேன்.